எருமைமீனின் காதுக்கல்

சில்க்போர்க்
11.03.2025

ராசு,

எழுதிப் பழக்கம் விட்டுப்போய்விட்டது. எழுத்து கோணல்மாணலாக இருந்தால் சிரிக்காதே. ஐந்தாம் வகுப்போடு நின்ற கை இது. இந்த டென்மார்க்குக்கு வந்து அறுபது வயதில் கார் ஓட்டப் பழகிய கையும் இதுதான்.

உனக்கு ஆறு தரம் ஃபோன் எடுத்தேன். நீ எடுக்கவில்லை. அதனால்தான் காகிதம். இதில் ஒரு வசதியும் இருக்கிறது. என் பேத்தி மிதுஷாவுக்கு என் கையெழுத்தை வாசிக்கத் தெரியாது. அச்சில் இருந்தால் எழுத்துக் கூட்டி வாசிப்பாள்.

லவனின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி அன்று கிரியை முடிய முதலே எழும்பிப் போனாய். ஐயர் பெயர் சொல்லி எள்ளும் தண்ணீரும் விடச் சொன்ன நேரம் கதிரை இழுபட்ட சத்தம் கேட்டுத் திரும்பினேன். நீ மேல்கோட்டைப் போட்டுக்கொண்டு ஹோல் வாசலில் நின்றாய். சனம் கேட்டது, "சின்னம்மாக்காரி ஏன் இடையில எழும்பிப் போறா?" என்று. பிரஷர் என்று சொல்லிச் சமாளித்தேன். உனக்கென்று எடுத்து வைத்த சாப்பாட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து மூன்று நாள் வைத்திருந்து கொட்டினேன். நான் சாப்பாடு கொட்டுகிறவளா?

முப்பத்தொரு நாள் முடிந்துவிட்டது. எனக்கு இன்னும் ஒன்றும் உறைக்கவில்லை. வேலையிடத்துக் கார் தரிப்பிடத்தில், பெல்ட்டும் கழற்றாமல், ஸ்டியரிங்கில் கை வைத்தபடி இருந்தானாம். நித்திரை என்று நினைத்து இரண்டு பேர் கடந்து போயிருக்கிறார்கள்.

மருமகள் ரஜிதா சாம்பலை இங்கே சேமக்காலையில் புதைக்கத்தான் விரும்புகிறாள். தனக்குப் போய் நிற்க ஓர் இடம் வேண்டுமாம். கல்லில் என்ன எழுதுவது என்பதை என்னிடம் விட்டுவிட்டாள். "லவன் இரத்தினசிங்கம் 1975–2025" என்று எழுதக் கொடுக்கப் போகிறேன். உனக்கும் ஒரு சொல் சொல்ல வேண்டும் என்பதற்காக எழுதினேன்.

அக்கா
தவமணி

~

எஸ்பியர்க்
24.03.2025

அக்கா,

எனக்குப் பிரஷர் இல்லை. இனிமேல் யாரும் கேட்டால் வேறு காரணம் சொல்லுங்கள்.

மிதுஷாவுக்கு இதை வாசிக்க வராது என்று எழுதியிருக்கிறீர்கள். நல்லது. அப்படியென்றால் முப்பத்தெட்டு வருசத்தில் ஒருமுறையாவது உள்ளதை உள்ளபடி எழுதிவிடுகிறேன்.

உங்கள் மகன் லவன் 1987 பங்குனியில், ஊரில் டியூசனுக்குப் போகிற வழியில் ஷெல் விழுந்து செத்துப்போனான். பன்னிரண்டு நிறைய மூன்று கிழமை இருந்தது. அடுத்த மாதம் அத்தான் டென்மார்க்கிலிருந்து அனுப்பிய அனுமதி வந்தது. மனைவி, மகன் என்று இரண்டு பெயர். மகன் இல்லை. பெடியன்களை வீடு வீடாகப் பிடித்துக்கொண்டு போன காலம். என் மகன் சுகந்தனுக்குப் பதினாறு வயது. அவனை லவனாக்கி நீங்கள் கூட்டிக்கொண்டு போனீர்கள். அவன் உங்களை அம்மா என்றும் என்னைச் சின்னம்மா என்றும் கூப்பிடப் பழகினான். ஆறு வருசத்துக்குப் பிறகு நான் என் மனுசனோடு எஸ்பியர்க்குக்கு வந்து சேர்ந்தபோது, விமானநிலையத்தில் மாலையோடு நின்று, "வாங்கோ சின்னம்மா" என்றான்.

இவ்வளவையும் நான் தாங்கினேன். யாரிடமும் சொன்னதில்லை.

ஆனால் அன்று ஐயர் கேட்டபோது நீங்கள் லவன் என்று சொன்னீர்கள். லவனுக்கு நாங்கள் ஊரிலேயே முப்பத்தோராம் நாள் எல்லாம் செய்து முடித்தவர்கள். அவனுக்கு இரண்டாம் தரம் எள்ளும் தண்ணீரும் போயிருக்கிறது. என் பிள்ளைக்கு ஒரு சொட்டும் போகவில்லை. ஐயரின் காதுக்குள் போய் ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். கொம்மூன் கந்தோர் ஆட்களா அங்கே வந்து நின்றார்கள்?

கல்லைப் பற்றிக் கேட்டீர்கள். என் பதில்: சுகந்தன், 1971–2025. வேறு ஒன்றும் எனக்கு வேண்டாம்.

இராசலட்சுமி

~

சில்க்போர்க்
02.04.2025

ராசு,

பத்தாம் வகுப்புப் படித்தவள் எழுதினால் இப்படித்தான் வெட்டி வெட்டி இருக்கும். சரி. நானும் உள்ளபடி எழுதுகிறேன்.

நீ தந்தாய். நான் வாங்கினேன். பறிக்கவில்லை. "அக்கா, இவனைக் கொண்டு போங்கோ, இஞ்ச வைச்சிருக்கேலாது" என்று என் காலடியில் இருந்து சொன்னவள் நீ. அப்போது எனக்குச் சோறும் இறங்கவில்லை, உன் சொல்லும் இறங்கவில்லை. தலையை ஆட்டினேன். அவ்வளவுதான் நான் செய்தது.

அவனுடைய அரும்பின மீசையை உன் அத்தான்தான் மழித்துவிட்டார். பத்தாம் வகுப்புப் பெடியன் இங்கே ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளோடு போய் இருந்தான். கதிரை காணாமல் முழங்கால் மேசையில் இடிக்கும். ஒருநாளும் வந்து முறைப்பாடு சொன்னதில்லை. நான் படித்து விட்ட வகுப்பில் என் பிள்ளை இருக்கிறான் என்று ஊர் முழுக்கப் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன். பிறகு அவன் மேலே மேலே போய், மீன் ஆராய்ச்சிக் கூடத்தில் வெள்ளைக் கோட்டுப் போட்டு நின்றதற்கும் பெருமைப்பட்டேன். அந்தப் பெருமை எனக்கு உரியதில்லை என்று நீ சொல்லப் போகிறாயா?

ஐயரிடம் சொல்லியிருக்கலாம் என்கிறாய். எனக்கு நாக்கு பழகின பக்கம் போனது. முப்பத்தெட்டு வருசம் சொன்ன பெயர்.

கல்லு வேறு கதை. அது எல்லாரும் பார்க்கிற இடத்தில் நிற்கும். மிதுஷாவுக்குத் தெரியாது. ரஜிதாவுக்குத் தெரியும், ஏனென்றால் சாதகம் பார்க்க உன் பிள்ளையின் சாதகத்தைத்தான் கொடுத்தோம், நட்சத்திரத்தில் பொய் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. ஆனால் பிள்ளைக்கு இதுவரை சொல்லவில்லை. இந்த நாட்டில் பொய்ப் பெயரில் வந்தவரின் பாஸ்போர்ட்டைப் பிறகும் பிடுங்குவார்கள் என்று சொல்கிறார்கள். செத்தவனுடையதைப் பிடுங்கட்டும். அவன் பிள்ளையுடையதைக் கேட்டால் நான் எங்கே போவேன்?

ஒரு வழி சொல்கிறேன். வருசமே போட வேண்டாம். லவன் என்று பெயரை மட்டும் போடுவோம். உனக்குப் பாதி, எனக்குப் பாதி.

தவமணி

~

எஸ்பியர்க்
19.05.2025

அக்கா,

உங்கள் கடிதத்துக்கு உடனே பதில் எழுதவில்லை. கோபத்தினால் இல்லை. எழுத உட்காருவேன், பிறகு எழும்பிவிடுவேன். தொலைக்காட்சியைப் போட்டுவிட்டு அதன் முன்னால் இருப்பேன். டேனிஷில் ஏதோ சொல்லிக்கொண்டே இருக்கும். இரவாகிவிட்டது என்று தெரியும்போது நித்திரைக்குப் போவேன்.

போன சனிக்கிழமை நானே கடற்கரைக்குப் போனேன். பஸ்ஸில். ஐயர் இல்லை, தர்ப்பை இல்லை. ஒரு ஜாம் போத்தலில் தண்ணீர், கடதாசியில் சுற்றிய எள்ளு. கற்களில் இறங்கி நின்று சுகந்தன் என்று சொல்லி இரண்டையும் கடலில் விட்டேன். காற்று எதிர்ப்பக்கம் அடித்தது. எள்ளு எல்லாம் திரும்பி வந்து என் கோட்டில் ஒட்டியது. நாயோடு போன ஒரு கிழவர் நின்று, கடற்பறவைக்குச் சாப்பாடு போடுகிறேனா என்று கேட்டார். ஓம் என்றேன். அவர் தன் சட்டைப்பையிலிருந்து ஒரு பாண் துண்டு எடுத்துத் தந்துவிட்டுப் போனார். அதையும் எறிந்தேன். அதைக் கொத்த ஒரு பறவை வந்தது.

பெண்கள் அதைச் செய்யக்கூடாது என்று சொல்வார்கள். யார் என்னிடம் கேட்கப் போகிறார்கள்?

கோட்டிலிருந்த எள்ளை ஒவ்வொன்றாக எடுக்கப் பார்த்தேன். விரல்களுக்கு உணர்ச்சி இல்லை. பதினெட்டு வருசம் மீன் ஃபாக்டரியில் ஐஸுக்குள் கை வைத்த விரல். ஊசியும் தெரியாது, எள்ளும் தெரியாது. கடைசியில் தும்புத்தடியால் தட்டினேன்.

பாதி எனக்கு வேண்டாம். லவன் என்று மட்டும் எழுதிய கல்லில் என் பாதி எங்கே இருக்கிறது?

இராசலட்சுமி

~

சில்க்போர்க்
30.06.2025

ராசு,

ஜாம் போத்தல் கதையை மூன்று தரம் வாசித்தேன். இப்போது வேறு விசயம் எழுதுகிறேன்.

எங்கள் மூலையில் நின்ற சிவப்புத் தபால்பெட்டியைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். இனி நாடு முழுக்க இல்லையாம். இந்தக் காகிதத்தைக் கடையில்தான் கொடுக்க வேண்டும். கடைப் பெட்டை காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள், நான் என்னவோ பழங்காலத்துப் பொருள் விற்க வந்தது போல.

போன கிழமை லவனோடு வேலை செய்த ஹென்னிங் வீட்டுக்கு வந்தார். உயரமான மனுசன், கண்ணைப் பார்த்துக் கதைக்க மாட்டார். லவனின் மேசையில் இருந்த சாமான்களை ஒரு பெட்டியில் கொண்டுவந்தார். ஒரு கோப்பை, இரண்டு பேனை, கம்பளிச் சட்டை. பிறகு சட்டைப்பையிலிருந்து ஒரு சின்னக் கண்ணாடித் துண்டு எடுத்து மேசையில் வைத்தார். நடுவில் அரிசிக் குறுணி போல ஒன்று ஒட்டியிருந்தது. அவர் சொன்னதை மிதுஷா பக்கத்தில் இருந்து எனக்குத் தமிழில் சொன்னாள்.

அது ஒரு மீனின் காதுக்கல். அமெரிக்காவில் ஏரிகளில் இருக்கிற மீன். தடித்த சொண்டால் உறிஞ்சித் தின்னுமாம். அந்த நாட்டார் அதை எருமைமீன் என்பார்களாம். முள்ளு அதிகம் என்று ஒருவரும் மதிப்பதில்லை. அம்பால் குத்தி, குவித்து, குப்பையில் கொட்டுவார்களாம். பிறகு யாரோ ஒருவர் அதன் காதுக்கல்லை எடுத்து மெல்லிசாகச் சீவிப் பார்த்தால், மரத்தில் இருப்பது போல வளையம் வளையமாக, நூற்றுக்கு மேலே. ஒரு வருசத்துக்கு ஒரு வளையம். நம்முடைய ஐயா பிறக்க முந்திப் பிறந்த மீன் இன்னும் உயிரோடு நீந்துகிறது, ராசு. கிழடானாலும் தளர்வதில்லையாம். எனக்கு அதைக் கேட்க அந்த மீனில் பொறாமையாக இருந்தது.

அங்கேயிருந்து சில கல்லுகளை எண்ணிப் பார்க்கச் சொல்லி இங்கே அனுப்பியிருக்கிறார்கள். லவனும் ஹென்னிங்கும் எண்ணினார்களாம். அதற்கு ஒரு முறை இருக்கிறது. ஒருவர் எண்ணியதை மற்றவருக்குச் சொல்லக்கூடாது. தனித்தனியே எண்ணித் தாளில் எழுதி, பிறகு பார்க்க வேண்டும். ஒத்துவந்தால் சரி. ஒத்துவராவிட்டால் நடுவில் ஓர் எண்ணைப் போட்டு முடிக்கக் கூடாது. இரண்டு பேரும் ஒரே பூதக்கண்ணாடிக்கு முன்னால் பக்கத்தில் பக்கத்தில் இருந்து, முதலாம் வளையத்திலிருந்து திரும்ப எண்ண வேண்டும். நூற்றிப் பத்து வளையம் என்றால் நூற்றிப் பத்தும்.

இந்தக் கல்லை இரண்டு பேரும் எண்ணி முடிக்கவில்லையாம். லவன் தன்னுடையதை எழுதி மடித்து வைத்திருக்கிறான். ஹென்னிங் இன்னும் எண்ணவில்லை. இனி ஒத்துப்பார்க்க ஆளில்லை என்று சொல்லி, மூக்கைத் துடைத்துக்கொண்டு போனார். நான் கொடுத்த றோல்ஸைச் சாப்பிடாமல் கையில் பிடித்தபடியே போய்விட்டார்.

கல்லு வெட்டுகிறவர் புரட்டாதி முடிய முதல் எழுத்தைத் தரச் சொல்கிறார். பிறகு நிலம் இறுகினால் வசந்தத்துக்குத்தான் நடுவார். யோசித்துச் சொல்.

தவமணி

~

எஸ்பியர்க்
14.07.2025

அக்கா,

எருமைமீனைப் பற்றி நீங்கள் எனக்குப் புதிதாகச் சொல்லவில்லை. அவன் ஞாயிற்றுக்கிழமைகளில் காரிலிருந்து எனக்கு ஃபோன் எடுப்பான். உங்களுக்குத் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன், தெரியாவிட்டால் இப்போது தெரியட்டும். தனியாகத்தான் இருப்பான், ஆனாலும் சின்னம்மா என்றுதான் கூப்பிடுவான். நான் திருத்தவில்லை.

மீனைப் பற்றி ஹென்னிங் உங்களுக்குச் சொல்லாத ஒன்றை அவன் எனக்குச் சொன்னான். அந்தக் கிழட்டு மீன்கள் ஒவ்வொரு வசந்தத்துக்கும் ஏரிக்கரைப் புல்லுக்குள் வந்து முட்டையிடும். இலட்சக் கணக்கில். குஞ்சும் பொரிக்கும். ஆனால் சில ஏரிகளில் அறுபது எழுபது வருசமாக அந்தக் குஞ்சுகள் ஒன்றும் தங்கவில்லையாம். வலை போட்டால் கிழடுகள் மட்டும் வரும். ஏரி நிறைய மீன் இருக்கிறது என்று பார்க்கிறவர்கள் நினைப்பார்களாம்.

நான் கேட்டேன், "அதுகளுக்கு அது தெரியுமோ?" என்று. "தெரியாது சின்னம்மா. அடுத்த வருசமும் அதுகள் வந்து முட்டையிடும்" என்றான்.

பதினெட்டு வருசம் நான் மீன் தலையை வெட்டித் தொட்டியில் எறிந்தவள். நாளுக்கு எத்தனை ஆயிரம். அந்தத் தலைக்குள் வயது இருந்தது என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. அதைச் சொன்னபோது அவன் சிரித்தான். பிறகு சொன்னான், "எனக்கு இந்த வேலை பிடிக்கிறது ஏனெண்டால், இதுகளின்ர வயதை ஆரும் பேப்பரில மாத்தேலாது." அவன் அதைப் பற்றி என்னோடு கதைத்தது அந்த ஒரு தரம்தான்.

இப்போது உங்களிடம் கேட்கிறேன். நடுவில் ஓர் எண்ணைப் போட்டு முடிக்கக் கூடாது என்று உங்கள் கையாலேயே எழுதியிருக்கிறீர்கள். வருசம் போடாமல் லவன் என்று மட்டும் எழுதுவோம் என்று சொன்னதும் நீங்கள்தான். அதுவும் நடுவில் போட்ட எண்தானே?

பாஸ்போர்ட் என்று ஒரு காரணம் சொன்னீர்கள். சேமக்காலையில் ஒரு கல்லைப் பார்த்து யார் பாஸ்போர்ட் பிடுங்குகிறார்கள்? எண்பது வயதை நெருங்குகிறீர்கள். உங்களை எனக்குத் தெரியும். பயந்தால் நீங்கள் சத்தம் போடுவீர்கள். இந்த விசயத்தில் நீங்கள் சத்தம் போடவில்லை. உங்கள் பக்கத்தில் இருந்து நீங்கள் எண்ணியதை எழுதுங்கள். பிறகு நான் என்னுடையதை எழுதுகிறேன்.

இராசலட்சுமி

~

சில்க்போர்க்
20.08.2025

ராசு,

ஐந்து கிழமை எடுத்தது. நாலு தாள் கிழித்தேன்.

லவன் செத்தபோது நான் அழவில்லை. நீ பார்த்தாய். பெட்டியை எடுக்கும்போதும் அழவில்லை. ஏழு வருசம் பிள்ளையில்லாமல் இருந்து, ஏறாத கோயில் ஏறிப் பெற்ற பிள்ளை. அதற்குள் அனுமதி வந்துவிட்டது, கொழும்புக்கு ஓட்டம், படம், பாஸ்போர்ட், விமானம். இங்கே வந்து இறங்கி மூன்றாம் மாதம் ஒரு காகிதம் வந்தது. லவனுக்குத் தடுப்பூசி போடக் கூட்டி வரும்படி. லவன் இரத்தினசிங்கம் என்று தெளிவாக அடித்திருந்தது. அத்தான் வாசித்துச் சொன்னார். அந்தத் தாளை நான் எடுத்து வைத்தேன்.

பிறகு பள்ளிக்கூடக் காகிதம். பல்லு வைத்தியக் காகிதம். கார் அனுமதிப்பத்திரம். குடியுரிமை. வரி. ஒவ்வொன்றும் வரும்போது என் பிள்ளைக்கு வயது ஏறியது. பதின்மூன்று. பதினெட்டு. முப்பது. ஷெல்லு பட்ட இடத்தில் அவன் பன்னிரண்டுக்குக் கிட்டவே கிடந்தான், இங்கே தபாலில் வளர்ந்தான். யாரும் அவனை இல்லை என்று சொல்லவில்லை. அரசாங்கமே இருக்கிறான் என்று சொல்லிக்கொண்டு இருந்தது. இந்தச் சித்திரையில் ஐம்பது வந்திருக்கும். இந்த நாட்டில் ஐம்பது பெரிய கொண்டாட்டம், உனக்குத் தெரியும். ஹோல் பிடித்திருந்தேன். யாருக்குப் பிடித்தேன் என்று என்னை நான் கேட்கவில்லை.

பாஸ்போர்ட் பயமும் இருக்கிறது. ஆனால் அது இரண்டாவது. கல்லில் சுகந்தன் என்று போட்டால் லவன் எங்கே போவான், ராசு? அதுதான் முதலாவது.

இன்னொன்றும் இருக்கிறது. அதையும் எழுதிவிடுகிறேன், பிறகு எழுத மாட்டேன். லவனுக்குக் கத்தரிக்காய் ஆகாது. கண்டாலே எழும்பிவிடுவான். இங்கே வந்த பிறகும் நான் கத்தரிக்காய் வாங்கவில்லை. இருபது வருசம். சுகந்தன் ரஜிதாவைக் கல்யாணம் முடித்துத் தனிக்குடித்தனம் போன பிறகு ஒருநாள் அவர்கள் வீட்டில் சாப்பிடப் போனேன். கத்தரிக்காய்க் குழம்பு. மூன்று தரம் போட்டுச் சாப்பிட்டான். "இவருக்கு இதெண்டால் உயிர் மாமி, உங்களுக்குத் தெரியாதோ?" என்று ரஜிதா கேட்டாள். அவன் தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டான். என்னிடம் ஒருநாளும் கேட்டதில்லை. நான் யாருக்குச் சோறு போடுகிறேன் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

அவனை நான் நல்லாய்த்தான் வளர்த்தேன். அதில் ஒரு குறையும் நீ சொல்ல முடியாது. ஆனால் அவனை எண்ணவில்லை. மற்றவனையே எண்ணிக்கொண்டு இருந்தேன்.

இதுதான் என் தாள்.

தவமணி

~

எஸ்பியர்க்
31.08.2025

அக்கா,

கத்தரிக்காய் எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் சில நேரம் இங்கே கார் எடுத்து வருவான். வந்தால் அதுதான் சமைப்பேன். உங்களைப் பற்றி ஒரு குறையும் சொன்னதில்லை. "அம்மாவுக்குக் கத்தரிக்காய் ஒத்துக்கொள்ளாது" என்று சொல்லுவான். அவ்வளவுதான்.

என்னுடையதைக் கேட்டால், பதினாறு. தைமாதம் பெற்று ஆனி மாதம் கொடுத்தேன். பதினாறு வருசமும் ஐந்து மாதமும். அதற்குப் பிறகு இருக்கிற முப்பத்தெட்டுக்குக் கிட்டவான வளையம் உங்களுடையது. அதை நான் பார்க்கவில்லை. மீசை மழித்தது, மேசையில் முழங்கால் இடித்தது எல்லாம் நீங்கள் எழுதித்தான் எனக்குத் தெரிகிறது. இரண்டையும் சேர்த்தால்தான் ஐம்பத்திநாலு வருகிறது. நான் தனியாக எண்ணினாலும் வராது.

உங்கள் தாளைப் பார்த்த பிறகு என்னுடையதை மறைக்க முடியாது. லவனின் எட்டாம் நாள் எட்டுச் செலவு முடிந்து நாலாம் நாள், நீங்கள் எழும்ப மாட்டாமல் பாயில் கிடந்தீர்கள். நான் சுகந்தனைப் படம் பிடிக்கக் கூட்டிக்கொண்டு போனேன். அனுமதி வருகிறது என்று அத்தான் ஏற்கெனவே எழுதியிருந்தார். நான் வாசித்திருந்தேன், நீங்கள் வாசிக்கவில்லை. ஸ்டூடியோவில் அவன் நாலு வயது குறைந்தவனாகத் தெரிய வேண்டும் என்று தலைமயிரை நெற்றியில் இழுத்துவிட்டேன். அந்த நேரம் எனக்கு ஒரு நிம்மதி இருந்தது. இடம் ஒன்று வந்திருக்கிறது என்கிற நிம்மதி. அந்த இடம் எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். உங்கள் காலடியில் இருந்து கெஞ்சியது அதற்குப் பிறகுதான்.

அதை இவ்வளவு நாளும் உங்களிடம் சொல்லவில்லை. நீங்கள் என் பிள்ளையை எடுத்துக்கொண்டீர்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தால் அதை நினைக்கத் தேவையில்லாமல் இருந்தது.

கல்லில் என்ன எழுதினாலும் எனக்குச் சரி. நீங்கள் முடிவு பண்ணுங்கள். லவன் என்று போட்டாலும் வந்து நிற்பேன்.

தங்கச்சி
ராசு

~

சில்க்போர்க்
28.09.2025

ராசு,

உன் கடிதத்தை வாசித்து ஒரு கிழமை மேசையிலேயே வைத்திருந்தேன். கோபம் வரும் என்று பார்த்தேன். வரவில்லை. நீ படம் பிடிக்கப் போகாவிட்டால் அவனும் அங்கேயே செத்திருப்பான், அவ்வளவுதான் தோன்றியது. அதுவும் ஏதோ பத்திரிகையில் வாசித்தது போலத் தோன்றியது. இப்போதெல்லாம் எனக்கு எதுவும் அப்படித்தான்.

போன ஞாயிறு மிதுஷாவைக் கூப்பிட்டு இருத்திச் சொன்னேன். ரஜிதாவும் இருந்தாள். சொல்லி முடிக்கப் பத்து நிமிசமும் ஆகவில்லை. இவ்வளவு காலம் வைத்திருந்தது பத்து நிமிசத்துக்குள் முடிந்துவிட்டது. பிள்ளை தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்தபடி இருந்தாள். முதல் கேட்டது, "அப்ப அப்பாக்கு ஐம்பத்திநாலோ?" ஓம் என்றேன். உண்மையான பிறந்தநாள் எப்போது என்று கேட்டு, ஃபோனை எடுத்து அதில் குறித்தாள். பிறகு கேட்டாள்:

"அப்ப எஸ்பியர்க் அப்பம்மாதான் என்ர அப்பம்மாவோ?"

"ஓம்."

"நீங்கள்?"

ரஜிதா அடுப்பைப் பார்க்க எழும்பிப் போனாள். மிதுஷா கொஞ்சம் பார்த்துவிட்டு, டேனிஷில், தான் ஒருவரையும் மாற்றிக் கூப்பிடப் போவதில்லை, ஆனால் எஸ்பியர்க் என்கிற சொல்லை மட்டும் எடுத்துவிடப் போவதாகச் சொன்னாள். அடுத்த கிழமை உன்னிடம் வருவாள். பாஸ்போர்ட்டைப் பற்றிக் கேட்டேன். "அத நான் பாத்துக்கொள்ளுறன், நீங்கள் பேசாமல் இருங்கோ" என்றாள். அதட்டினாள் என்றே சொல்லலாம். என்னை இந்த வீட்டில் ஒருவரும் அதட்டுவதில்லை. பேசாமல் இருந்தேன்.

ஐயருக்கு நானே ஃபோன் எடுத்தேன். பெயர் பிழையாகச் சொல்லிவிட்டேன், என் பிழை, வருச முடிவில் வரும் ஆட்டத் திவசத்துக்குச் சரியான பெயரில் செய்ய வேண்டும் என்றேன். "முப்பத்தொண்டுக்குச் சொன்ன பேர் ஆற்ற பேர் அம்மா?" என்று கேட்டார். அதுவும் என் பிள்ளைதான் என்றேன். அவர் மேலே கேட்கவில்லை. தையில் வைக்கிறோம். நீ முன்னால் இருக்க வேண்டும். நான் பக்கத்தில் இருப்பேன்.

வெள்ளிக்கிழமை மிதுஷாவும் நானும் கல்லு வெட்டுகிறவரிடம் போனோம். அவருக்கு நம்முடைய எழுத்துத் தெரியாது. மிதுஷா பெரிய எழுத்தில் தாளில் எழுதிக் கொடுத்தாள், அவர் படம் போல அப்படியே வெட்டுவாராம். இரண்டு பெயர் எழுதக் கொடுத்தேன். உன்னைக் கேட்காமல் செய்தேன், நீ என்னை முடிவு பண்ணச் சொன்னபடியால். கல்லில் என்ன எழுதினாலும் சேமக்காலைக்காரர் கேட்பதில்லையாம். சுகந்தன் 1971–2025. லவன் 1975–1987. லவனுக்கு எங்கேயும் ஒரு கல்லு இல்லை. 1987 என்று என் வாயால் சொல்லித்தான் பிள்ளை எழுதினாள். அந்த எழுத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நிற்க முடிந்தது.

மனுசன் தாளைப் பார்த்துவிட்டு, சகோதரர்களா என்று கேட்டார். மிதுஷா என்னைப் பார்த்தாள். நான் ஓம் என்று தமிழிலேயே சொன்னேன். அவருக்கு விளங்கிவிட்டது.

பிறகு, எந்தப் பெயர் மேலே வர வேண்டும் என்று கேட்டார்.

மூத்தவனை மேலே போடச் சொன்னேன்.

அக்கா
தவமணி